ரங்கனின் மூன்று எச்.பி. மோட்டார்

புத்தூருக்குப் பக்கத்தில் எங்கள் கழனிகளில் ஒரே டிரான்ஸ்பார்மரை நம்பி ஐந்து மோட்டார்கள் இருக்கின்றன. ஐந்தாவது ரங்கனுடையது. அவன் அப்பா எங்கள் வீடுகளுக்குக் கூலிக்கு வந்தவர். ரங்கன் இருபது வருஷம் செங்கல் சூளையில் வெந்து, ஒன்றரை ஏக்கர் வாங்கி, போர் போட்டு, எச்.பி. எழுதிய தகடு தேய்ந்துபோன பழைய மோட்டார் ஒன்றை இறக்கினான். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவன். அவனை அண்ணன் என்று கூப்பிட எங்கள் வீட்டில் யாரும் பழக்கவில்லை, நானாகவும் பழகிக்கொள்ளவில்லை. அதற்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

விவசாயத்துக்குப் பகலில் ஒன்பது மணி நேரம் கரண்டு இலவசம். ஆனால் ஐந்து மோட்டாரும் ஒன்றாக ஓடினால் டிரான்ஸ்பார்மர் தாங்காது. ஒரு நேரத்தில் மூன்றுதான் என்று எங்களுக்குள் ஒரு முறை உண்டு. திருமலையில் தரிசன வரிசையில் நிற்பது போல ரங்கன் தன் முறைக்காகக் காத்திருப்பான். ஒரு நாள் கூட முந்தியதில்லை.

நான் சென்னையில் கம்ப்யூட்டர் வேலையை விட்டு வந்தவன். எங்கள் மோட்டார் கொட்டகையில் நான்கு பிட்காயின் மெஷின்களை வைத்தேன். அவை செய்வது ஒரே கணக்கு. எதைப் போட்டாலும் அரைத்து, ஒரே நீளத்துக்கு எண்ணும் எழுத்துமாகத் துப்பும். போட்டதில் ஒரு புள்ளி மாறினாலும் வருவது மொத்தமும் மாறிவிடும். வந்ததை வைத்துப் போட்டதைக் கண்டுபிடிக்க முடியாது. முன்னால் இத்தனை பூஜ்யம் இருக்கிற விடை வரும்வரை எண்களை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். முதலில் கண்டுபிடிப்பவருக்குப் பிட்காயின், அதுதான் காசு. தேடுவதுதான் பெரும்பாடு. கிடைத்த விடை சரியா என்று யார் வேண்டுமானாலும் நொடியில் பார்த்துவிடலாம்.

இலவசக் கரண்டுதானே, யாருக்கு என்ன நஷ்டம் என்று நினைத்தேன். நான்கு மெஷினும் சேர்ந்து ரங்கனின் மோட்டாரைப் போல ஆறு மோட்டார் இழுக்கிற கரண்டை இழுத்தன. இரைச்சலைப் பற்றிக் கேட்டவர்களிடம் கம்பெனிக் கம்ப்யூட்டர் என்றேன். கம்ப்யூட்டர் அப்படி என்ன கரண்டு தின்றுவிடும் என்று நினைத்து யாரும் சந்தேகப்படவில்லை.

பங்குனியில் டிரான்ஸ்பார்மர் எரிந்தது. லோடு அதிகம், யாரோ பெரிய மோட்டார் போட்டிருக்கிறீர்கள் என்று லைன்மேன் சொன்னார். பக்கத்துக் கழனி கோவர்த்தனன் சுற்றிலும் பார்த்தார்.

"யாரு புச்சா எறக்குனது? அத்தப் பாருங்க."

எல்லோரும் ரங்கனைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன்.

"மூணு எச்.பி.தாங்க. சொல்லித்தான் வாங்கினு வந்தேன்" என்றான். தகடு தேய்ந்த மோட்டாருக்கு என்ன அத்தாட்சி?

பத்து நாள் கழித்து வேறு டிரான்ஸ்பார்மர் வந்தது. அன்று காலையிலேயே ரங்கன் என் கொட்டகைக்கு வந்தான்.

"தம்பி, கரண்டு பாக்குற மீட்டர் உங்ககிட்ட கீதாமே. எம் மோட்டார் எவ்ளோ இஸ்துக்குதுன்னு பாத்துச் சொல்லுங்க. நீங்க சொன்னா ஒத்துக்குவாங்க."

அவன் நிலக்கடலை பூ விட்டிருந்தது. மோட்டாரைப் போட்டான். ஒயரில் மீட்டரை மாட்டினேன். ஐந்து ஆம்பியர். மூன்று எச்.பி.க்குச் சரியான அளவு. அதைச் சொன்னால் அடுத்து என் கொட்டகைக் கதவைத்தான் தட்டுவார்கள்.

"எட்டு காட்டுது ரங்கா" என்றேன்.

மீட்டரின் முகம் என் பக்கம் இருந்தது. அவன் எட்டிப் பார்த்திருந்தால் போதும். பார்க்கவில்லை.

"அப்போ நாந்தானா" என்றான். மெதுவாகப் போய் மோட்டாரை நிறுத்தினான். பிறகு ஒவ்வொரு வீடாகப் போய், தெரியாமல் செய்துவிட்டேன் என்று மன்னிப்புக் கேட்டான். எங்கள் வீட்டுக்கும் வந்தான். என் அம்மா அவனுக்கு மோர் கொடுத்து, இனிமேல் பார்த்து நடந்துகொள் என்றார்.

பயந்துபோய் அன்றே என் மெஷின்களை நிறுத்திவிட்டேன். அது இன்னும் மோசமாகப் போயிற்று. ரங்கன் நிறுத்தியதும் டிரான்ஸ்பார்மர் ஒரு தொந்தரவும் இல்லாமல் ஓடியதல்லவா, குற்றம் ருசுவாகிவிட்டது. பூவோடு கடலைச் செடி காய்ந்தது. ஒன்றரை ஏக்கரிலும் மாட்டை விட்டு மேய்த்தான். நான் வரப்பில் போகும்போது தலையைக் குனிந்துகொண்டு போனேன்.

மெஷின்களை விற்று இரண்டு வருஷமாகிறது. ரங்கன் சூளைக்குத் திரும்பி ஆறு மாசம் வேலை செய்து இரண்டு எச்.பி. மோட்டார் இறக்கினான். தண்ணீர் நூல் மாதிரி வருகிறது. கடைசிப் பாத்திக்குப் போய்ச் சேர்வதற்குள் கரண்டு நின்றுவிடும்.

இன்று காலையிலும் எங்கள் வாசலில் வந்து நின்றான். எல்லோரும் போட்டு முடித்து, அவன் முறை வந்த பிறகுதான் வந்தான்.

"தம்பி, போட்டுக்கலாமா? ஒண்ணும் ஆவாதே?"

"போடு" என்றேன்.