உப்புக்கல்லுக்கு வந்த பெயர்

நர்சிங் மாணவிகளுக்கு வேதியியல் வேண்டாத விருந்தாளி. ஒரே ஒரு தாள். அதைத் தாண்டிவிட்டால் மறுபடி அதன் முகத்தில் விழிக்க வேண்டியதில்லை. அந்தத் தாளைப் பதினேழு வருடமாக நடத்தியவளுக்கு அவர்கள் வைத்திருந்த பெயர் ‘நோட்ஸ் மிஸ்’. அவள் வாசிப்பாள், அவர்கள் எழுதுவார்கள், மணி அடிக்கும். போன தேர்வில் பாதிப் பேர் கோட்டை விட்டார்கள்.

கல்லூரி முதல்வர் கூப்பிட்டார். “இவங்களுக்குப் புரியற மாதிரி ஆன்லைன்ல நல்ல பாடத் தளமா அஞ்சு தேடி லிஸ்ட் குடுங்க. இந்தத் தடவையும் இப்படியே ஆச்சுன்னா வகுப்ப வேற யாருக்காவது மாத்த வேண்டியிருக்கும்.”

தேடினாள். நாலு நல்லதாகக் கிடைத்தன. ஐந்தாவதைத் தேடவே வேண்டியதில்லை. எதைத் தட்டினாலும் ‘சமையலறை வேதியியல்’ என்ற வீடியோ சேனல்தான் முந்திக்கொண்டு வந்து நின்றது. அதில் சிரித்துக்கொண்டிருந்தவள் அவளுடைய ஓரகத்தி, கொழுந்தனின் மனைவி. அடுப்படியில் நின்றபடியே வேதியியல் சொல்லித் தருகிறாள், லட்சம் பேர் பார்க்கிறார்கள். அந்த லட்சத்தை மாமியார் சாப்பாட்டு வேளைக்கு ஒரு தரம் தவறாமல் பரிமாறுவாள்.

நோட்ஸ் மிஸ்ஸுக்கு வயிறு எரிந்தது. நேற்று வந்தவள், ஒரு நாள் வகுப்பில் நின்றிருப்பாளா? அவளை லிஸ்டில் சேர்க்காமல், யாரும் எட்டிப் பார்க்காத ஒரு தளத்தைப் போட்டு இடத்தை நிரப்பினாள். அதோடு விட்டிருக்கலாம். மனசு ஆறவில்லை. மதிய இடைவேளைகளில் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஓரகத்தியின் வீடியோக்களில் தப்புத் தேடினாள்.

ஒரு நாள் மாட்டியது. பிஎச் அளவு ஆறு உள்ளதைவிட மூன்று உள்ளதில் அமிலம் இரண்டு மடங்கு என்று சொல்லிவிட்டாள் ஓரகத்தி. ‘உப்புக்கல்’ என்று ஒரு பொய்ப் பெயர் வைத்துக்கொண்டு இவள் வீடியோவுக்குக் கீழே எழுதினாள்: “ரெண்டு மடங்கா? ஒரு படி இறங்கினாலே பத்து மடங்கும்மா. மூணு படிக்கு ஆயிரம். நாக்குல வச்சுப் பாத்தா தெரிஞ்சிருக்கும்.”

ருசி கண்டுவிட்டது. அதன் பிறகு தப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும் உப்புக்கல் ஆஜர். “முட்டைய டஜன்ல எண்ணலாம், அரிசிய எண்ணுவியா? எடை போடுவ. அணுவும் அப்படித்தான். அப்படி எடை போட்டு எண்ணுற டஜனுக்குப் பேருதான் மோல். இதச் சொல்ல உனக்குப் பத்து நிமிஷமா?”

ஒரு மாதம் போனது. வகுப்பில் முன் பெஞ்சுப் பெண் ஒருத்தி எழுந்தாள்.

“மிஸ், உங்க லிஸ்ட்ல முக்கியமான ஒண்ண விட்டுட்டீங்க. சமையலறை வேதியியல்.”

“அதுல தப்புதான் நிறைய” என்றாள் வெடுக்கென்று.

“நாங்க வீடியோ பாக்கறதில்ல மிஸ். கீழ உப்புக்கல்னு ஒருத்தங்க எழுதறாங்க, அத மட்டும் படிக்கறோம். சட்டுனு புரியுது. அவங்களையே கண்டுபிடிச்சு வகுப்பு எடுக்கச் சொல்லுங்கன்னு முதல்வர்கிட்ட மனு குடுத்திருக்கோம்.”

அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. நான்தான் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. சொன்னால் வீட்டில் மாமியார் முகத்தில் எப்படி விழிப்பது?

சாயங்காலம் ஓரகத்தியே போன் செய்தாள். “யாரோ உப்புக்கல்லாம் அக்கா. திட்டித் திட்டியே என்னவிட நல்லா சொல்லிக் குடுத்துடறாங்க. எனக்குப் பொறாமையா இருக்கு.”

அவள் வாயிலிருந்து அந்த ஒரு வார்த்தையைக் கேட்கத்தான் இத்தனை வருடம் தவம் கிடந்தாள். கிடைத்தது, வேறொருத்தி பேருக்கு.

“வேலை வெட்டி இல்லாதவளா இருப்பா” என்று போனை வைத்தாள்.

மறுநாள் நோட்டை ஓய்வறையிலேயே போட்டுவிட்டு வெறுங்கையோடு வகுப்புக்குப் போனாள். பதினேழு வருடத்தில் முதல் தடவை. “முட்டைய டஜன்ல எண்ணலாம், அரிசிய எண்ணுவீங்களா?” என்று ஆரம்பித்தாள்.

வகுப்பு நிமிர்ந்து உட்கார்ந்தது. முன் பெஞ்சுப் பெண் பக்கத்திலிருந்தவளின் காதில் சொன்னது இவளுக்கும் கேட்டது.

“பாவம், உப்புக்கல்லப் பாத்துக் காப்பியடிக்கறாங்கடி. ஆனா அவங்க அளவுக்கு வரல.”