மாலை போட்ட கம்ப்யூட்டர்கள்

எங்கள் ஆபீஸ் பத்துப் பழைய கம்ப்யூட்டர்களுக்கு மாலை போட்டு, போட்டோ பிடித்து, கொருக்குப்பேட்டை இலவச டியூஷன் சென்டருக்குத் தானமாக அனுப்பியது. கூடப் போனவன் நான்.

அங்கே கூலி வாங்காமல் ரிப்பேர் பார்ப்பவர் ஒல்லியான மனிதர். கழற்றும் ஸ்க்ரூவையெல்லாம் உதட்டில் கவ்விக்கொள்வார், பேசமாட்டார். ஒவ்வொன்றாகத் திறந்தார். எதிலும் ஹார்ட் டிஸ்க் இல்லை, மெமரி இல்லை. எல்லாவற்றையும் பிடுங்கி விற்றுவிட்டுத்தான் தானம் செய்திருக்கிறார்கள், புண்ணியவான்கள்!

அவர் ஸ்க்ரூக்களைத் துப்பினார்.

"மாலையப் பாக்கசொல்லோவே டவுட்டு சார். எங்க பேட்டையில பொணத்தைத்தான் மாலை போட்டு அனுப்புவோம்."

பத்து மாலைகளையும் கழற்றி என் கையில் திணித்தார். "உங்க மொதலாளியாண்ட குடுத்துடு."

கொடுக்கத் துணிவில்லை; வழியிலேயே போட்டுவிட்டேன். மறுநாள் ஆபீஸ் நோட்டீஸ் போர்டில் அந்தப் போட்டோ. மாலை போட்ட கம்ப்யூட்டர்கள், பக்கத்தில் இளித்துக்கொண்டு நான்.