வீட்டில் சொல்லிவிட்டாயா?

போன சனிக்கிழமை காலை பதினொரு மணி இருக்கும். மீன் கழுவிக்கொண்டிருந்தேன். காலிங் பெல் அடித்தது. ஈரக் கையோடு போய்ப் பார்த்தால், கிரில் கதவுக்கு வெளியே ஒரு தம்பதி. அவருக்கு அறுபதுக்குள் இருக்கும். தேய்த்த வெள்ளைச் சட்டை, பாக்கெட்டில் பேனா, நெற்றியில் விபூதி. நான் கதவைத் திறப்பதற்கு முன்பே செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டார். பின்னால் நின்ற அம்மாவின் கையில் ஒரு பிளாஸ்டிக் பை. அதில் ஒரு சீப்பு வாழைப்பழம்.

"டீச்சர்தானே? போன்ல பேசியிருக்கோம். துர்காவோட அப்பா."

பேசியிருக்கிறோம். ஒரே ஒரு தடவை, ஏழு மாதத்துக்கு முன்னால். அந்த ஒரு போன் காலை நான் இன்னும் மறக்கவில்லை.

"துர்கா இங்க வந்தாளா டீச்சர்?"

வரவில்லை. உண்மையாகவே வரவில்லை. அதைச் சொன்னேன். உள்ளே வந்து உட்கார்ந்தார். அந்த அம்மா நின்றுகொண்டே இருந்தார். அவர் "உக்காரு" என்று சொன்ன பிறகுதான் நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

"புதன்கிழமை காலையில ஃபேக்டரி வாசல்ல நான்தான் இறக்கி விட்டேன். சாயங்காலம் போய் நின்னா ஆளைக் காணோம். மறுநாள் போலீஸ்ல ரிப்போர்ட் பண்ணப் போனேன். அவன் என்ன சொல்றான் தெரியுமா? இவளே முந்தின நாள் வந்து ரிப்போர்ட் குடுத்துட்டாளாம்... 'நான் காணாமப் போகல, என் இஷ்டத்துலதான் வீட்டை விட்டு வந்தேன்'னு. இருபத்தாறு வயசாச்சு, நாங்க ஒண்ணும் பண்ண முடியாதுங்கறான்."

பர்ஸ் தொலைந்தால் ரிப்போர்ட், ஐசி என்கிற அடையாள அட்டை தொலைந்தால் ரிப்போர்ட் - இது நம் நாட்டுப் பழக்கம். நான் தொலையவில்லை என்று ஒரு பெண் ரிப்போர்ட் கொடுத்ததை இப்போதுதான் கேள்விப்படுகிறேன். கெட்டிக்காரி! மனதுக்குள்தான் சொல்லிக்கொண்டேன்.

"சர்டிபிகேட் ஃபைல மட்டும் வீட்டுல காணோம் டீச்சர். எஸ்.பி.எம். பரீட்சை ரிசல்ட், டிப்ளோமா எல்லாம் அதுலதான் இருக்கு. அது என் கைக்கு வந்துட்டா போதும். சர்டிபிகேட் இல்லாம எவன் வேலை குடுப்பான்? ரெண்டு மாசத்துல தன்னால வந்துடுவா." குரலில் கோபம் துளிகூட இல்லை. "அவ சாமான் ஏதாவது உங்ககிட்ட வச்சிருக்காளா?"

நான் என்ன பதில் சொன்னேன் என்பது இருக்கட்டும். துர்கா யார், அவள் ஃபைலை என்னிடம் வந்து ஏன் கேட்கிறார் என்று முதலில் உங்களுக்குச் சொல்ல வேண்டும். பெயரை மாற்றியிருக்கிறேன். இடங்களையும் கொஞ்சம் கலைத்துப் போட்டிருக்கிறேன்.

என் மகள் கல்யாணமாகிப் பினாங்கு போன பிறகு, பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடி வீட்டில் ஓர் அறை சும்மா கிடந்தது. வேலை பார்க்கும் பெண் யாருக்காவது வாடகைக்குக் கொடுக்கலாமே என்று வாட்ஸ்அப்பில் போட்டேன். நாலைந்து பேர் வந்தார்கள். வைஃபை எப்படி, வாஷிங் மெஷின் உண்டா, ஃப்ரெண்ட்ஸ் வரலாமா என்று ஆயிரம் கேள்வி. துர்கா அறைக்குள் போனாள். கதவைச் சாத்தினாள். திறந்தாள். மறுபடியும் சாத்தினாள்.

"இதுக்கு உள்பக்கம் லாக் இருக்கா ஆன்டி?"

"இருக்கும்மா. ஏன், எங்க வீட்டுக்காரரைப் பார்த்தா பயமா இருக்கா?"

சிரித்தாள். பக்கத்தில் ஒரு பல் கிளினிக்கில் கவுன்ட்டர் வேலை. வீடு கிள்ளானில். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் என் வீட்டுக்கு வந்து போக ஆரம்பித்த பிறகுதான் அந்தக் கேள்விக்குக் காரணம் சொன்னாள். பதினாறு வயதில், ஃபார்ம் ஃபோர் படிக்கும்போது ஒரு நாள் அறையைப் பூட்டிக்கொண்டு அழுதிருக்கிறாள். மறுநாள் அப்பா ஸ்க்ரூ டிரைவரை எடுத்து வந்து கதவையே கழற்றிவிட்டார்.

"தீபாவளிக்கு தீபாவளி புது லங்சீர் மாட்டுவாங்க ஆன்டி. நல்லா அழகான கலரா பார்த்து வாங்குவாங்க. கதவு மட்டும் திரும்ப வரல." லங்சீர் என்றால் திரைச்சீலை. பத்து வருடமாக அந்தத் திரைக்குப் பின்னால்தான் உடை மாற்றுகிறாள், தூங்குகிறாள்.

வேலைக்குப் போக கொமுட்டர் ரயில். சாயங்காலம் கிள்ளான் ஸ்டேஷனில் அப்பா காத்திருப்பார். எந்த ரயிலில் ஏறுவாள், எத்தனை மணிக்கு இறங்குவாள் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். ஒரு ரயிலை விட்டுவிட்டால், பிளாட்பாரத்தில் நின்று ஒரு படம் எடுத்து அனுப்ப வேண்டும். கடிகாரம் தெரிகிற மாதிரி.

"அடிப்பாராம்மா?" என்று கேட்டேன்.

"அடிச்சா சொல்றதுக்கு ஈஸியா இருக்கும் லா ஆன்டி. அவர் பேசமாட்டார். நாலு நாள், அஞ்சு நாள். நாங்களும் பேசக்கூடாது. டிவி போடக்கூடாது. அப்புறம் நானும் அம்மாவும் மன்னிப்புக் கேக்கணும். எதுக்குன்னு கேப்பார். தப்பான காரணம் சொல்லிட்டா இன்னும் நாலு நாள்."

சோற்றைப் பிசைந்தபடியே சாதாரணமாகச் சொன்னாள்.

அறை அவளுக்குத்தான் என்று முடிவாயிற்று. அடுத்த மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை வந்துவிடுவதாகச் சொன்னாள். பெட்டியோடு கிளம்பினால் தெரிந்துவிடும் இல்லையா? அதனால் சாப்பாட்டுப் பையில் தினம் ஒன்றாகக் கொண்டுவந்தாள். ஒரு நாள் ஒரு சுடிதார். ஒரு நாள் ஒரு ஜோடி செருப்பு. ஒரு நாள் அந்தச் சர்டிபிகேட் ஃபைல் - இரண்டாக மடிக்காமல் கொண்டுவருவதற்காக அன்றைக்குச் சாப்பாடே எடுத்து வரவில்லை. என் மகளின் அலமாரியில் அவளே அடுக்கி வைப்பாள். அடுக்கிவிட்டு ஐந்து நிமிடம் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருப்பாள். அவ்வளவுதான். பிறகு வேலைக்கு ஓடுவாள்.

இந்த இடத்தில்தான் என் புத்தி வேலை செய்யத் தொடங்கியது.

நான் தமிழ்ப்பள்ளியில் முப்பது வருடம் குப்பை கொட்டியவள். பிள்ளை ஹோம்வொர்க் செய்யவில்லையா? அப்பாவைக் கூட்டிட்டு வா. சண்டை போட்டானா? அம்மாவைக் கூட்டிட்டு வா. எந்தச் சிக்கல் வந்தாலும் பெற்றவர்களை வரவழைத்து உட்கார வைத்துப் பேசினால் தீர்ந்துவிடும் என்று பழகிய வாய் இது. உங்களில் பாதிப் பேர் இந்தப் பத்திக்கு எழுதும் மெயில்களுக்கும் நான் அந்தப் பதிலைத்தான் சொல்லியிருக்கிறேன்... மனம் விட்டுப் பேசுங்கள் என்று.

"வீட்டுல சொல்லிட்டியாம்மா?"

"சொன்னா வரவே முடியாது ஆன்டி. வந்துட்டு சொல்றேன்."

எனக்கு அது உறுத்தியது. ஊரார் பெண்ணை, பெற்றவர்களுக்குத் தெரியாமல் என் வீட்டில் வைத்துக்கொள்வதா? நாளைக்கு யாராவது ஒரு வார்த்தை கேட்டால்? அப்பாவிடம் சொல்ல வேண்டாம், சரி. அம்மாவிடமாவது ஜாடைமாடையாகச் சொல்லலாமே? எந்த அம்மாவுக்குத்தான் பதறாது? அறைக்கு வருகிறவர்களிடம் நான் ஒரு ஃபாரம் வாங்குவேன். அதில் அவசரத்துக்கு என்று அம்மாவின் நம்பரைத்தான் துர்கா எழுதியிருந்தாள். அந்த முதல் ஞாயிற்றுக்கிழமைக்கு இரண்டு நாள் முன்னதாக, வெள்ளிக்கிழமை மத்தியானம், அந்த நம்பருக்கு அடித்தேன்.

எடுத்தது ஆண் குரல். "அவங்க போன் எப்பவும் என்கிட்டதான் இருக்கும். சொல்லுங்க."

அப்போதே வைத்திருக்க வேண்டாமா? நான் வைக்கவில்லை. என்னை டீச்சர் என்று அறிமுகப்படுத்திக்கொண்டேன். பத்திரிகையில் எழுதுகிறவள் என்றும் பெருமையாகச் சொன்னேன். பேப்பர் படிக்கிற வழக்கம் தனக்குக் கிடையாது என்றார். உங்கள் மகள் ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்கு வருகிறாள், என் பெண் மாதிரி பார்த்துக்கொள்வேன், ஒன்றும் கவலைப்படாதீர்கள், கொஞ்ச நாளில் எல்லாம் சரியாகிவிடும்...

பொறுமையாக முழுவதையும் கேட்டார். "நல்லவேளை சொன்னீங்க டீச்சர். ரொம்ப நன்றி" என்றார்.

எவ்வளவு மரியாதையான மனிதர்! பெண்தான் கொஞ்சம் மிகைப்படுத்திவிட்டாள் என்றுகூட அன்றைக்கு நினைத்தேன். என் வீட்டுக்காரரிடம் சொன்னபோது அவர் ஒன்றே ஒன்று கேட்டார்: "அந்தப் பொண்ணுகிட்ட கேட்டுட்டுப் பேசினியா?"

"இதுக்கு என்ன கேக்கறது? நல்லதுதானே பண்ணியிருக்கேன்."

ஞாயிற்றுக்கிழமை துர்கா வரவில்லை. சாயங்காலம் ஒரு மெசேஜ் வந்தது. 'ஆன்டி, நீங்களா சொன்னீங்க?' நான் உட்கார்ந்து நீளமாக ஒரு பதில் எழுதினேன். ஏன் சொன்னேன், எவ்வளவு நல்ல எண்ணத்தில் சொன்னேன், எல்லாம் எழுதினேன். ஒற்றை டிக்கோடு நின்றது. இன்றுவரை அது இரண்டாகவில்லை.

செவ்வாய்க்கிழமை கிளினிக்கில் போய் விசாரித்தேன். திங்கட்கிழமை காலையிலேயே அப்பா வந்தாராம். டைப் செய்த ராஜினாமாக் கடிதம். பேனாவும் அவரே கொடுத்தாராம். துர்கா அந்தக் கவுன்ட்டரிலேயே நின்று கையெழுத்துப் போட்டிருக்கிறாள். பிறகு தெலுக் பங்லிமா காராங்கில் தெரிந்தவர் ஒருவரின் ஃபேக்டரியில் சேர்த்துவிட்டார் என்று கேள்விப்பட்டேன். காரில் கொண்டு விடுவது, காரில் கூட்டி வருவது. ரயில்கூட இல்லை. நாளுக்கு ஒரு மணி நேரமாவது ஜன்னலோரம் தனியாக உட்கார்ந்து வந்துகொண்டிருந்த பெண். அதையும் பிடுங்கிக் கொடுத்தது நான்தான்.

சரி, சனிக்கிழமைக்கு வருகிறேன். அவள் சாமான் ஏதாவது உங்களிடம் இருக்கிறதா என்று கேட்டாரில்லையா?

"ஒண்ணும் இல்லையே" என்றேன்.

பொய் சொல்லாதே என்று முப்பது வருடம் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்திய வாய்தான். தடுமாறவே இல்லை. பாத்ரூம் போக வேண்டும் என்று எழுந்தார். போகிற வழியில் அந்த அறை வாசலில் நின்று நிதானமாக உள்ளே பார்த்தார். அலமாரி மூடியிருந்தது. நல்லவேளை, அடுத்தவர் வீட்டு அலமாரியைத் திறக்கிற அளவுக்கு மரியாதை கெட்டவர் இல்லை அவர். அந்த மரியாதையைப் பார்த்துத்தானே நான் ஏமாந்தேன்?

காரை ரோட்டோரம் போட்டிருப்பதாகவும், சம்மன், அதாவது அபராதச் சீட்டு, வைத்துவிடுவார்கள் என்றும் சொல்லி அவர் முதலில் இறங்கினார். "பழத்தைக் குடுத்துட்டு வா" என்று மனைவியிடம் சொல்லிவிட்டுப் போனார். லிஃப்ட் கதவு மூடுகிறவரை அந்த அம்மா வாயைத் திறக்கவில்லை. மூடியதும் பையை என் கையில் வைத்தார்.

"ஃபைல் உங்ககிட்டதானே டீச்சர் இருக்கு?"

நான் லிஃப்ட் பக்கம் பார்த்தேன்.

"சொல்ல வேணாம். அவ துணி ஒவ்வொண்ணா குறைஞ்சது எனக்குத் தெரியும். நான்தானே துவைச்சு மடிச்சு வைக்கறேன்? அலமாரி காலியாத் தெரியக்கூடாதுன்னு, என் பழைய புடவைங்களைப் பின்னாடி அடுக்கி, முன்னாடி அவ சட்டை ரெண்டு வச்சேன். அவளுக்கே தெரியாது டீச்சர்."

மன்னித்துவிடுங்கள் என்று எதையோ உளறினேன். அந்த அம்மா அதைக் காதில் வாங்கிக்கொள்ளவே இல்லை. நேரம் இல்லை அவருக்கு.

"அவ எங்க இருக்கானு உங்களுக்குத் தெரிஞ்சா எனக்குச் சொல்லாதீங்க. தெரிஞ்சா என்கிட்டேருந்து எப்படியும் வாங்கிடுவாரு."

கீழே ஹார்ன் அடித்தது. லிஃப்டுக்குக் காத்திருக்காமல் படியில் இறங்கிப் போனார். அந்த வீட்டில் இனிமேல் மன்னிப்புக் கேட்க ஒரே ஒரு ஆள்தான் மிச்சம்.

அந்த அம்மாவுக்குத் தகவல் சொல்லத்தானே நான் போன் செய்தேன்? அவருக்கு ஏற்கனவே தெரியும். அந்த வீட்டில் விஷயம் தெரியாத ஆள் ஒருவர்தான் இருந்தார். நான் நம்பரைத் தேடி எடுத்து அவருக்குச் சொல்லியிருக்கிறேன்.

துர்கா சர்டிபிகேட் இல்லாமல்தான் போயிருக்கிறாள். ஃபைல் எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். வந்து மணியடித்தால் இரண்டு நிமிட வேலை. வரவில்லை. அப்பாவிடம் எவ்வளவு பயமோ, அவ்வளவு பயம் என்னிடமும். அதில் தப்பே இல்லை. அவள் இடத்தில் நான் இருந்தாலும் இந்தத் தெருப் பக்கம் வரமாட்டேன்.

எழுதலாமா வேண்டாமா என்று நாலு நாள் யோசித்தேன். அவளுக்குச் சேதி சொல்ல என்னிடம் வேறு வழி இல்லை. படிக்கக்கூடாதவர் படிக்கமாட்டார். யாராவது படித்துச் சொன்னாலும் ஃபைல் இப்போது என் வீட்டில் இல்லை, வேறோர் இடத்தில் பத்திரமாக இருக்கிறது.

துர்கா, லங்சீர் என்றதுமே உனக்குப் புரிந்திருக்கும். நீ வர வேண்டாம். கிளினிக் தோழிகள் யாரையாவது அனுப்பு. ஒரு கேள்வியும் கேட்காமல் கொடுத்துவிடுகிறேன்.

எங்கே இருக்கிறாய் என்று மட்டும் எனக்குச் சொல்லிவிடாதே.