கூடத்தில் நின்ற பாஸ்

ஜோசப் அருளின் டபுள் பாஸை எங்கள் வீட்டுக் கூடத்தில் வைத்தோம். ஜோசப் அருளை வாசலோடு நிறுத்தினோம். கடைசிவரை இப்படித்தான் நடந்தது. இதைச் சொல்லாமல் அவரைப் பற்றி நல்லதாக நான்கு வரி எழுத எனக்கு யோக்கியதை இல்லை.

போன வாரம் ஒரு காலையில் பாஷா போனில் கூப்பிட்டார். எங்கள் மூவர் குழுவில் அவர் டிரம்ஸ், நான் கீபோர்டு, அருள் பாஸ்.

"ஸ்ரீராம், அருள் போயிட்டாருப்பா. மன்னார்புரத்துல லாரி அடிச்சிருச்சு."

நான் ஸ்ரீரங்கத்தில், எங்கள் கூடத்தில், காபி டம்ளரோடு உட்கார்ந்திருந்தேன். எதிர்ச் சுவரோரம் அவருடைய பாஸ் உறை போட்டபடி நின்றது. ஆள் உயரத்துக்கும் மேல், ராட்சத வயலின் மாதிரி. அதைப் பார்த்துக்கொண்டே "எந்த ஆஸ்பத்திரி?" என்று கேட்டேன். "ஆஸ்பத்திரி எல்லாம் இல்லப்பா," என்றார் பாஷா.

அருளை அறியாதவர்களுக்காக: தில்லை நகரில் ஒரு ஸ்கேன் சென்டரில் டெக்னீஷியன். பாலக்கரையில் அம்மா லூர்து மேரியோடு ஒற்றை அறை மாடி வீடு. கல்யாணக் கச்சேரிகளில் பாஸ் கிட்டார் வாசித்துச் சம்பாதித்தார். என்னைவிட மூத்தவர், நான் "அருள்ணே" என்பேன். அவர் என்னைச் "சாமி" என்பார். அதில் பாதி கிண்டல், பாதி பாசம். எந்தப் பாதி எப்போது என்று எனக்குப் பிடிபட்டதே இல்லை.

அவருக்கு டபுள் பாஸ் வேண்டும் என்ற ஆசை வந்தது ஒரு கிறிஸ்துமஸ் நிகழ்ச்சியில். சென்னையிலிருந்து வந்த குழுவில் ஒருவர் அதை முதலில் வில்லால் வாசித்தார், அடுத்த பாட்டுக்கு வில்லை வைத்துவிட்டு விரலால் ஜாஸ் வாசித்தார். வெளியே வந்ததும் அருள் சொன்னார்: "சாமி, நான் இவ்வளவு நாளா வாசிச்சது பாஸோட போட்டோ."

பிறகு தேடல் ஆரம்பித்தது. இணையத்தில் பளபளப்பாக ஒன்று மலிவாகக் கிடைத்தது. நான் வாங்கச் சொன்னேன். "போட்டோவுல வார்னிஷ்தான் தெரியும், சத்தம் தெரியாது," என்று விட்டுவிட்டார். கடைசியில் கொடைக்கானலில் ஒரு பள்ளி தன் பழைய பாஸ்கள் இரண்டை விற்பதாகத் தெரியவந்தது. வீட்டில் ஃப்ரிட்ஜ் வாங்கச் சேர்த்திருந்த பணத்தை அவர் அம்மா எடுத்துக் கொடுத்தார். "தயிர் புளிச்சா புளிச்சுட்டுப் போகுது. நீ போய் வாங்குப்பா."

இருவரும் போய்ப் பார்த்தோம். இரண்டில் ஒன்று முழு மரத்தைக் குடைந்து செய்தது. மற்றது ப்ளைவுட். அருள் இரண்டின் விளிம்பையும் விரல் முட்டியால் சுற்றிலும் தட்டிப் பார்த்தார், பசை விட்ட இடம் உண்டா என்று. ஒவ்வொரு சுரத்தையும் வில்லால் மெதுவாக இழுத்து, எங்கே ஒலி செத்துப்போகிறது என்று கேட்டார். பிறகு விரலால். வில்லுக்கு இதமான கம்பி விரலுக்குத் தொளதொளவென்று இருக்கும், விரலுக்கு ஏற்றது வில்லுக்கு முரண்டு பிடிக்கும் என்பதால், இரண்டுக்கும் நடுவான கம்பி மாட்டலாம், கம்பியைத் தாங்கும் குதிரையைக் கொஞ்சம் இறக்கலாம் என்று அங்கேயே கணக்குப் போட்டார்.

குடைந்த பாஸ் அருமையாக ஒலித்தது. வில் பட்டதும் அறையின் தரை அதிர்ந்தது. விலை கொஞ்சம்தான் கூட. "இதையே எடுங்கண்ணே, மீதியை நான் போடறேன்," என்றேன். அவர் ப்ளைவுட்டின் தோளில் கை வைத்திருந்தார்.

"அது திருச்சி வெயிலுக்கு வெடிச்சிரும், சாமி."

"எப்படியும் உங்க வீட்டு மாடிப்படியில இது திரும்பாதே? எங்காத்துல வைங்க. ஏசி இருக்கு."

அவர் சிரித்தார். "வைக்கலாம். ஆனா எனக்கு ஷெட்ல நின்னாலும் வெடிக்காததா வேணும்."

எந்த ஷெட் என்று அன்று எனக்குப் புரியவில்லை. அதுவரை அவர் எங்கள் வீட்டு வாசலுக்கு இரண்டொரு முறை வந்திருந்தார், அவ்வளவுதான். அந்த வீட்டில் பிறந்து வளர்ந்த எனக்குத் தெரியாதது அவருக்கு வாசலிலிருந்தே தெரிந்திருந்தது. வாழ்நாளின் முதல் பாஸை அவர் காதால் தேர்ந்தெடுக்கவில்லை. எங்கள் வீட்டைக் கணக்கில் வைத்துத் தேர்ந்தெடுத்தார்.

குட்டியானை வண்டியில் பாஸைக் கட்டிப்பிடித்துக்கொண்டே மலையிறங்கி வந்தார். எங்கள் தெருவில் ஒரு மாமா, "என்னடா, ஃப்ரிட்ஜா?" என்று கேட்டார். "ஃப்ரிட்ஜுக்குப் பதிலா, சார்," என்றார் அருள். அப்பா வெளியே வந்து பாஸின் கழுத்தைப் பிடித்தார். அருள் அடிப்பாகத்தைப் பிடித்தார். வாசற்படி வந்ததும் அப்பா சொன்னார்: "நீ விடுப்பா. நாங்க பாத்துக்கறோம்." அருள் விட்டார். கனமான பக்கம் என் கைக்கு வந்தது.

அப்பா ஒருநாளும் சாதி பேசியதில்லை. அதுதான் எங்கள் வீட்டின் சாமர்த்தியம். "வாத்தியம் சரஸ்வதின்னா, ஆத்துலயே இருக்கட்டும்," என்றார். "அந்தப் பையன் வந்தா கார் ஷெட்ல வாசிக்கட்டும். காத்தோட்டமா இருக்கும்." தண்ணீர் போனது, காகிதக் கோப்பையில். "தூக்கிப் போட சௌகரியம்." எதற்கும் ஒரு காரணம் இருந்தது. எல்லாக் காரணமும் நாகரிகமாக இருந்தது.

நான் பாஸைக் கூடத்திலிருந்து ஷெட்டுக்குத் தூக்கி வருவேன். அவர் காருக்கும் சுவருக்கும் நடுவில் நின்று பயிற்சி செய்வார். முதலில் வில்லில் நீண்ட சுரங்கள், பிறகு ஜாஸ் நடை. தகரக் கூரையின் சூட்டில் சட்டை நனைந்துவிடும். ப்ளைவுட் வெடிக்கவே இல்லை. "கரெக்டா எடுத்தேன்ல?" என்பார். நான் ஆமாம் என்பேன்.

சரஸ்வதி பூஜைக்கு அப்பா பாஸைத் துடைத்து, ஹயக்ரீவர் படத்துக்குப் பக்கத்தில் நிறுத்தி, தோளில் சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டார். நிஜமான பக்தியோடு செய்தார். அன்று வந்த அருளிடம், "இன்னிக்கு வாத்தியத்தைத் தொடப்படாது, நாளைக்கு வா," என்றார். அருள் ஷெட்டில் நின்று சுண்டல் சாப்பிட்டார்.

"சாமி, மாலையோட ஒரு போட்டோ எடுத்துக் குடு. அம்மாகிட்ட காட்டணும்."

எடுத்துக் கொடுத்தேன். தன்னுடைய பாஸ் எங்கள் கூடத்தில் எங்கே நிற்கிறது என்பதை அவர் என் போனில்தான் பார்த்தார். கொஞ்ச நேரம் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"எங்க மதத்துல மறுபிறவி கிடையாது. இருந்தா ப்ளைவுட்டா பொறந்துருவேன்."

பாஷா இருந்திருந்தால் சிரித்திருப்பார். நான் சுண்டல் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கல்லறையில் லூர்து மேரி அம்மா என் கையை விடவில்லை. நினைவுத் திருப்பலியில் மகனுடைய பாஸ் பீடத்துக்கு அருகில் நிற்க வேண்டும் என்று மட்டும் கேட்டார். இன்று காலை பாஷாவுடன் வண்டியில் வந்தார். வண்டிச் சத்தம் கேட்டதும் அப்பா எழுந்தார்.

"பாவம், நல்ல பையன்," என்றார். உண்மையாகவே கண் கலங்கியிருந்தது. "வாத்தியத்தை ஷெட்டுக்கு எடுத்துண்டு போய்க் குடுத்துடு."

நான் வெளியே போனேன். அந்த அம்மா ஷெட்டில், மகன் நின்ற அதே இடத்தில், செருப்பைக் கழற்றிவிட்டு நின்றிருந்தார்.

"தம்பி, போட்டோவுல மாலை போட்டு நின்னுச்சே, அந்த இடம் வீட்டுக்கு உள்ளேதானே?"

"ஆமாம்மா."

"ஒரு தடவ பாக்கணும்னு இருந்துச்சு. பரவால்ல. இங்கயே நிக்கிறேன். நிழலாத்தான் இருக்கு."

உள்ளே திரும்பினேன். பாஸின் தோளில் பழைய சந்தனக் கறை இருந்தது. அப்பா உறையின் ஜிப்பை இழுத்து மூடிக்கொண்டிருந்தார். நான் பாஸைத் தூக்கவில்லை.

அருள்ணே, உங்கள் காதும், நீங்கள் தேர்ந்தெடுத்த இந்த முரட்டு மரமும் தப்பு செய்யவே இல்லை. தப்பு எங்கள் வாசற்படியில் இருந்தது. போய் வாருங்கள்.

"அப்பா," என்றேன். "அவங்க அம்மா ஷெட்ல நிக்கறாங்க. பாஸ் நின்ன இடத்தைப் பாக்கணுமாம். நான் கூப்பிட்டா போறாது. நீங்க வாசலுக்குப் போய், உள்ள வாங்கோன்னு கூப்பிடுங்கோ."

ஜிப் மேலே வரை போய் நின்றது.

"அப்பா, கூப்பிடுங்கோ."