ஆண்டு எழுதாத மண்பாதம்

"சுடுமண் பாதம், இடது. ஆற்றங்கரை அம்மன் கோவில், வேப்பமரத்தடி. மேல்மண். காலம்: அண்மை. ஆடி, மூன்றாம் வெள்ளி."

நூலில் கட்டிய அட்டைத் துண்டில் என் அக்காவின் கையெழுத்தில் இவ்வளவுதான் இருக்கிறது. பாதம் என் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். அவள் இறந்த பிறகு மந்தைவெளி வீட்டைக் காலி செய்தபோது, மற்ற மண்பொருள்கள் எல்லாம் பெட்டிகளில் பஞ்சு சுற்றி ஒழுங்காக இருந்தன. இது மட்டும் அவள் மூக்குக் கண்ணாடி வைக்கும் இழுப்பறையில், மாத்திரை அட்டைகளுக்கு நடுவே கிடந்தது. அட்டையில் ஆண்டு இல்லை. மளிகைக் கடை ரசீதின் பின்பக்கம் எழுதினாலும் முதலில் ஆண்டைப் போட்டுவிட்டுத்தான் பேனாவை நகர்த்துகிறவள் அவள். பத்திரிகைத் துண்டுகளுக்கெல்லாம் தேதி போட்டு அடுக்கிவைக்கும் எனக்கு, அந்தக் காலி இடம்தான் முதலில் கண்ணில் பட்டது.

அக்கா ஒரு பெண்கள் கல்லூரியில் வரலாறு கற்பித்தாள். ஓய்வு பெற்ற பிறகு ஒரே கேள்வியைப் பிடித்துக்கொண்டாள்: பழைய மக்கள் தெய்வத்தை வைக்க ஓர் இடத்தை எப்படித் தேர்ந்தெடுத்தார்கள்? பெரிய கோவில்களைப் பற்றி எழுத நிறையப் பேர் இருந்தார்கள். அவளுக்கு வேண்டியிருந்தவை அம்மை நோய்க்கும் காலராவுக்கும் ஊர் பயந்த காலத்தில் எல்லையில் நட்ட கற்கள். வெள்ளம் ஏறாத மேடு, உப்புக் கரிக்காத ஊற்று, நிழலுக்கு வேம்பு. இவை மூன்றும் சேரும் இடத்தில் அம்மன் இருப்பாள் என்பது அவள் எண்ணம். அதற்குத் தக்க சான்று வேண்டுமென்று அடையாற்றின் கரையை மேலும் கீழுமாக நடந்து பார்த்தாள்.

குடிசைகளுக்கு நடுவே அப்படி ஒரு மேடு அவளுக்குக் கிடைத்தது. முகம் தேய்ந்த ஒரு கல், மஞ்சள் பூசி, தகரக் கூரையின் கீழ். அதன் சரிவை மழை அரித்த இடத்தில் சுடுமண் உருக்கள் அடுக்கடுக்காகத் தெரிந்தன: கை, வயிறு, கண், எல்லாவற்றையும் விட அதிகமாகக் கால். நோய் தீர வேண்டுமென்று வேண்டிக்கொண்டவர்கள் வைத்தவை. மேலே இருந்தவை அச்சில் எடுத்தவை. கீழே போகப் போகக் கையால் பிசைந்தவை. தோண்ட அவளுக்கு அனுமதி இல்லை. சரிந்து விழுந்ததை மட்டும் எடுப்பாள். வேப்பமரத்தடியில் ஜனங்கள் வைத்ததைத் தொடவே மாட்டாள். "எங்கே வலிச்சதுன்னு அவா எழுதி வைக்கலைடா, செஞ்சு வெச்சிருக்கா" என்று ஒருநாள் என்னிடம் சொன்னாள்.

அந்தக் கோவிலைப் பார்த்துக்கொண்டவர் அங்கேயே குடியிருந்த ஒரு பெண்மணி. காலையில் மீன் விற்பார், மாலையில் விளக்கு வைப்பார். அக்காவை அவர் கேலி செய்யாத நாள் கிடையாது. "இன்னா டீச்சரு, கும்புடவும் மாட்ட, ஊட்டாண்ட இருக்கவும் மாட்ட. கும்புடறவன் வருசத்துக்கு ஒரு தபா வரான், நீ தெனம் வர. அம்மாவுக்கு உன்னியத்தான் புடிச்சிக்கீது." அக்கா அளவு நாடாவை இழுத்துக்கொண்டே சொல்வாள்: "அப்போ உங்க அம்மாகிட்ட சொல்லி இந்த மேட்டை விட்டுவைக்கச் சொல்லு."

அது வெறும் வேடிக்கைப் பேச்சு இல்லை. ஆற்றை அகலப்படுத்தக் குடிசைகளை எடுக்கப்போகிறார்கள் என்ற செய்தி அப்போதே வந்துவிட்டது. மேடு போவதற்குள் ஒவ்வொரு அடுக்கையும் அளந்து வரைந்துவிட வேண்டும் என்று அவள் தவித்தாள்.

சாமியை நம்பாதவள், மேட்டில் கால் வைக்கும்போது செருப்பைக் கழற்றிவிடுவாள். இருபது வருஷச் சர்க்கரை நோய் அவளுக்கு. பாதத்தில் உணர்ச்சி குறைந்துவிட்டது என்று தி. நகரில் பார்க்கும் டாக்டர் எச்சரித்திருந்தார். அந்தப் பெண்மணிகூடச் சொன்னார், நானே காதால் கேட்டேன்: "செருப்ப போட்டுக்க டீச்சரு. சக்கரக்காரி நீ. அம்மா ஒண்ணும் கோச்சிக்க மாட்டா." அக்கா கேட்கவில்லை. வீடு திரும்பும்போது நானும் சண்டை போட்டேன். "செருப்போட ஏறினா நான் அளக்கறது அவா கோவிலை இல்லைடா, வெறும் மண்மேட்டை" என்றாள். அதற்கு மேல் அவளிடம் பேச முடியாது.

ஒரு சித்திரை மாத மாலையில் கூடத்துத் தரையில் சிவப்பாகத் தடம் பதிந்திருந்ததைப் பார்த்துத்தான் காலில் ஓடு குத்தியதே தெரிந்தது. இடது பாதம், கட்டைவிரலுக்குக் கீழே மேடான சதை. உடைந்த உருவின் சில்லுதான் என்று அவளே எடுத்துப் பார்த்துச் சொன்னாள். டாக்டர் காலைத் தரையில் ஊன்றக்கூடாது என்றார். காலில் கட்டுப் போட்டுக்கொண்டு மறுவாரமே மேட்டுக்குப் போய்விட்டாள். ஆடியில் புண் இருந்தது. புரட்டாசியில் விரல்கள் கறுத்தன. ஐப்பசியில், தீபாவளிக்கு முன்னால், கணுக்காலுக்கு மேலே காலை எடுத்தார்கள். பழைய மக்களின் கால்வலியைப் பற்றி அத்தனை பக்கம் எழுதியவள், ஆஸ்பத்திரியில் எங்களிடம் கேட்டது ஒன்றுதான்: "மேடு இன்னும் இருக்கா?"

இருந்தது. அடுத்த ஆடிக்கும் இருந்தது. அந்த ஆடியில் அவள் ஆட்டோ வைத்துக்கொண்டு மேட்டுக்குப் போனாள் என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அந்த மார்கழியில் குடிசைகளை எடுத்தார்கள், மேட்டை வாரிவிட்டார்கள். கடைசி இரண்டு அடுக்குகளை அவள் வரையவே இல்லை. தை பிறந்து சில நாட்களில் அவளும் போய்விட்டாள்.

மண்பாதத்தை எடுத்துக்கொண்டு, பெருங்குடியையும் தாண்டி, குடிசைக்காரர்களைக் குடியேற்றிய அடுக்குமாடிக் குடியிருப்புக்குப் போய் அந்தப் பெண்மணியைக் கண்டுபிடித்தேன். என்னைப் பார்த்ததும் அழுதார். பிறகு, "உங்கக்கா இருந்தா இந்த மூணு மாடிக்கும் டேப்பு வெச்சிக்கினு ஏறியிருக்கும்" என்று சிரித்தார். அம்மன் கல்லைக் கையோடு கொண்டுவந்திருந்தார். கட்டடத்தின் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், சற்று உயர்ந்த சிமெண்டு மேடையில் வைத்திருந்தார். ஏன் இங்கே என்று கேட்டேன். "தண்ணி கீற எடத்துலதான சார் அவ இருப்பா? மழ பெஞ்சா கீழல்லாம் ரொம்பிடுது, இங்க ஏறாது." வேம்பு இன்னும் வைக்கவில்லை, கன்று கேட்டிருப்பதாகச் சொன்னார். அக்காவின் குறிப்புகளில் இதைச் சேர்க்க அக்கா இல்லை. செருப்பைக் கழற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றேன். சிமெண்டு சுட்டது.

பாதத்தைக் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ரெண்டு ஆடிக்கும் வந்துச்சு சார். மொத ஆடி விந்தி விந்தி நடந்து, அடுத்த ஆடி ஆட்டோல. நான்தான் கூழு எட்த்துக்கினு போய் குடுத்தேன். கையில கால் உரு வெச்சிக்கினு இருந்துச்சு, அது நெனப்பு கீது. எந்த ஆடின்னு கேட்டா இன்னா சொல்றது? கூழு ஊத்துற அவசரத்துல எவ பாத்தா?"

"வேப்பமரத்தடியிலேர்ந்து எடுத்திருப்பாளா?"

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "அம்மாவாண்ட வெச்சத எடுக்கிற ஆளா சார் உங்கக்கா?"

இதை எழுதும்போது பாதம் எதிரில் இருக்கிறது. உள்ளங்காலில், அவளுக்குச் சில்லு குத்திய அதே இடத்தில், கட்டைவிரலுக்குக் கீழே ஒரு விரல்முனை அளவுக்குக் குழி. பூதக்கண்ணாடியில் பார்த்தேன்; குழிக்குள்ளும் அதே சூளை நிறம், ஆகையால் மண் ஈரமாக இருந்தபோது அழுத்தியதுதான். அக்கா சொல்லிச் செய்துவாங்கியதா, அச்சிலிருந்து எடுத்த யாரோ ஒருவரின் விரல் தற்செயலாகப் பட்டதா, தெரியவில்லை. ஆடி வெள்ளியில் உரு விற்கும் ஆளைத் தேடிக்கொண்டிருக்கிறேன், இன்னும் அகப்படவில்லை. அவள் இதை வைத்துவிட்டுத் திரும்ப எடுத்துக்கொண்டாளா, வைக்க மனம் வராமல் கொண்டுவந்துவிட்டாளா என்பதும் தெரியவில்லை. முதல் ஆடி என்றால் அவளுக்குக் கால் இருந்தது. இரண்டாவது என்றால் இல்லை. எந்த ஆடி என்பது உறுதிசெய்யப்படவில்லை. அட்டையில் ஆண்டுக்கான இடத்தை நான் நிரப்பாமல் விட்டிருக்கிறேன்.