பாத்திர ஸ்டாண்ட் என் ஐடியா, சேவியர்

திண்டிவனம் கம்ப்யூட்டர் கடை சேவியர் இன்று காலை போய்விட்டான்... நெஞ்சுவலி.

செத்தவனை அவன் இவன் என்று எழுதாதே என்கிறாள் மகள். உயிரோடு இருந்தபோது எப்படிக் கூப்பிட்டேனோ அப்படித்தான் எழுதுவேன்.

காலையிலிருந்து ஆளாளுக்கு போஸ்ட். "பாத்திர ஸ்டாண்டில் லேப்டாப் அடுக்கி, மருந்து ஆராய்ச்சிக்குக் கணக்குப் போடவைத்த மூளைக்காரர்" என்று. கீழே அழுகிற பொம்மைகள் வேறு.

இல்லை. அடுக்கியது நான். அது என் சமையலறை, என் ஸ்டாண்ட். கமெண்டில் சண்டைக்கு வருகிறவர்கள் வரலாம்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்... என் வீட்டுக்காரருக்கு மறதி நோய். நாற்பது வருஷம் வாடி போடி என்றவர், தினமும் என்னைப் பார்த்து மரியாதையாகக் கேட்பார். "உங்க பேரு இன்னாங்க?"

அந்த நோய்க்கு மருந்து தேடுகிறவர்கள் பெரிய கணக்கு ஒன்றைத் துண்டு துண்டாக்கி, உலகம் முழுக்க வீடுகளில் இருக்கிற கம்ப்யூட்டர்களுக்கு நெட்டில் அனுப்புகிறார்களாம். நம் மெஷின் ஒரு துண்டைப் போட்டு முடித்துத் திருப்பி அனுப்ப வேண்டும். புதுச்சேரியில் வேலை பார்க்கிற மகள்தான் சொன்னாள்.

மறுநாளே சேவியர் கடைக்குப் போனேன். அவிச்ச மல்லாட்டைக் கடலையை உரித்துக்கொண்டே கேட்டான், "இன்னா ஆயா, பேத்தி கேம் ஆடறதுக்கா?"

ஆயாவாம்! அப்போது எனக்குப் பேரன் பேத்தி யாரும் பிறக்கவே இல்லை. அதையும் மறக்கவில்லை.

பெரிய டவர் கம்ப்யூட்டர் டப்பா ஒன்றைத் தலையில் கட்டினான். கரெண்ட் நினைத்தால் போகிற வருஷங்கள் அவை. இன்வெர்ட்டர் அதைத் தாங்காமல் ஃபேன், லைட் எல்லாவற்றையும் சேர்த்துப் படுக்கவைத்துவிடும். கணக்கு பாதியில் அறுந்துபோகும்.

ஆட்டோவில் ஏற்றிக் கடைக்கே திருப்பிக் கொண்டுபோனேன். மூலையில் ஸ்கிரீன் உடைந்த லேப்டாப்கள் குவிந்து கிடந்தன.

"அதுல நாலு குடு."

"அது ஸ்க்ராப்பு ஆயா. மூஞ்சே இல்ல, வச்சிக்கினு இன்னா பண்ணுவ?"

"கணக்குப் போட மூஞ்சி இன்னாத்துக்கு? கரெண்ட்டு கம்மியா இழுக்குமா?"

"கம்மியாத்தான் இழுக்கும்..."

"உள்ள பேட்டரி கீதா?"

"பத்து நிமிஷம் தாங்கும். பேசாம புதுசா ஒரே ஒரு மெஷினு வாங்கு ஆயா, இதுங்க நாலும் பண்ற வேலய அது ஒண்ணே பண்ணும்."

"அந்த ஒண்ணு படுத்துக்கினா? இதுல ஒண்ணு படுத்தா மூணு ஓடும். ஜல்தியா கட்டு."

நான்கு வாங்கினேன். படுக்க வைத்து ஓட்டினால் சித்திரை வெயிலில் தோசைக்கல் மாதிரி கொதித்தன. உடைந்த ஸ்கிரீன்களைக் கழற்றிவிட்டு, பாத்திர ஸ்டாண்டில் தட்டு நிற்கிற இடத்தில் ஒவ்வொன்றாக நிறுத்தினேன். இரண்டு பக்கமும் காற்று. சூடு அடங்கியது. தட்டுகள் தரைக்கு வந்தன.

சேவியர் வந்து பார்த்தான். போட்டோ எடுத்துக்கொண்டு போனான். அடுத்த வாரம் அது அவன் கடைக் கண்ணாடியில்... கீழே "எங்கள் தயாரிப்பு" என்று எழுத்து!

மெஷினை ஓட்டுகிற சாஃப்ட்வேர், லினக்ஸ், அது மட்டும் அவன் ஐடியா. அதை இல்லை என்று சொல்லமாட்டேன். முதலில் ஊரெல்லாம் போடுகிற திருட்டு காப்பி சிடியைப் போட்டு, வைரஸ் வந்து நான்கும் நின்றன. "இத்த வெச்சிக்க ஆயா. இது ஃப்ரீ, பழைய மெஷினுக்கும் பாரம் இல்ல" என்று லினக்ஸ் போட்டுக் கொடுத்தான்.

பழைய மானிட்டர் ஒன்றை மாட்டிப் பார்த்தால் கறுப்புத் திரையில் வெறும் வெள்ளை எழுத்து. எனக்கு ஏபிசிடி தெரியாது. மெஷின் வேலை செய்கிறதா என்று பார்க்க மூன்று எழுத்து அடிக்க வேண்டும். "மொதல்ல சிலுவை, அப்பறம் முட்டை, அப்பறம் கரண்டி" என்று சொல்லிக்கொடுத்தான். அது 'டாப்' என்று மகள் சொல்கிறாள்; நான் இன்றுவரை அப்படித்தான் அடிக்கிறேன்.

பிறகுதான் அவன் செய்த வேலை தெரியவந்தது. யார் வீட்டு மெஷின் எவ்வளவு கணக்குப் போட்டது என்று வெப்சைட்டில் பெயர் போட்டு பாயிண்ட் வரும். ஒரு வருஷம் கழித்து மகள் திறந்து காட்டினாள். என் மெஷின்கள் வாங்கிய பாயிண்ட் அத்தனையும் அவன் கடை பெயரில்!

வீட்டுக்குள் தினமும் என் பெயரைக் கேட்கிற மனுஷன். அங்கேயும் என் பெயர் இல்லை.

கடை நிறைய ஆள் இருக்கும்போதே போய் நின்றேன்.

"யாருடா உன் கடை பேர போடச் சொன்னது?"

"பேஜாரு பண்ணாத ஆயா. பேர மாத்துனா பழைய பாயிண்ட்டு வராது. பூஜ்ஜியத்துலேர்ந்து ஆரம்பிக்கணும்."

"பூஜ்ஜியம் போடு. என் பேர போடு."

போட்டான். சரோஜா, திண்டிவனம். அத்தோடு அவனிடம் பேச்சை நிறுத்தினேன்.

இரண்டு வருஷம் கழித்து என் வீட்டுக்காரர் போனார். அவரைக் கூடத்தில் கிடத்தியிருக்க, சமையலறையில் ஸ்டாண்ட் உர்ரென்று ஓடிக்கொண்டிருந்தது. "பொணம் கெடக்குது, அடுப்புகூட மூட்டல. இது இன்னாத்துக்கு ஓடுது?" என்று நாத்தனார் பிளக்கைப் பிடுங்கப் போனாள்.

மாலையோடு வந்த சேவியர் செருப்பைக்கூடக் கழற்றாமல் குறுக்கே போய் நின்றான். "ஒயர்ல கை வெக்காதீங்கம்மா. அது ஆயா பேர்ல ஓடுது."

அன்றைக்கும் நான் பேசவில்லை. அதற்குப் பிறகும் இல்லை. கடையைத் தாண்டும்போதெல்லாம் உள்ளேயிருந்து கேட்பான், "இன்னா ஆயா, ஓடுதா?" நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விடுவேன்.

இன்று உனக்கு மாலை போட்டுவிட்டு வந்தேன், சேவியர்.

வந்ததும் நான்கில் ஒன்றை உன் பெயருக்கு மாற்றினேன். கடை பெயர் இல்லை. சேவியர், திண்டிவனம். மகள் போனில் எழுத்துக் கூட்டினாள்... பெருக்கல் குறி மாதிரி இருக்கிற முதல் எழுத்தைத் தேடிப் பிடித்து நானே அடித்தேன்.

பூஜ்ஜியத்திலிருந்துதான். எனக்கு நீ போட்ட மாதிரியே.

ஸ்டாண்ட் என் ஐடியா. அதில் மாற்றம் இல்லை.

ஓடுது, சேவியர்... போய் வா.