கறுப்பு வெள்ளைப் போஸ்டர்

நண்பர்களுடன் பெரம்பலூரில் ராக் இசைக்குழு நடத்துகிறேன். முதல் கச்சேரிக்குக் கலர் போஸ்டர் அடிக்கக் காசில்லை. பாடகனான என் முகத்தைக் கறுப்பு வெள்ளையில் பெரிதாகப் போட்டு, கீழே இடமும் நேரமும் அச்சடித்து, அரியலூர் வரை ஒட்டினோம்.

மறுநாள் காலை வாசலில் அழுகுரல் கேட்டது. கதவைத் திறந்தால், அரியலூர் மாமா ரோஜா மாலையோடு நிற்கிறார்! என்னைக் கண்டதும் அப்படியே படியில் சரிந்து உட்கார்ந்துவிட்டார்.

"கண்ணீர் அஞ்சலி போஸ்டர்னு நெனச்சு ஓடியாரேன்டா! உன் மூஞ்சியப் பாத்ததுமே கண்ணீர் கண்ண மறைச்சிருச்சு, எழுத்தப் படிக்கவே இல்ல."

என் சாவுக்கு வந்தவருக்கு நானே தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன்.

இப்போதெல்லாம் கலர் போஸ்டர்தான். பல் தெரியச் சிரிக்கிறேன். அப்படியும் ஒட்டுவதற்கு முன்பே அம்மா சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டுவிடுகிறார்: "பாட்டுக் கச்சேரிதாங்க, பய நல்லாத்தான் இருக்கான்."